ஃப்ரீசரில் ஓர் இடம்

ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்ததை இன்சுலின் குப்பியால் பொறுக்க முடியவில்லை.

"நாம ரெண்டு பேருமே புரதம்தானே அண்ணே" என்று உறவு கொண்டாடியது முட்டை.

"சும்மா இரு. ஐஸ் வைத்த பையில் வந்து இறங்கினவன் நான். என் இடம் மேலே, ஃப்ரீசரில்."

"அங்கே போனா உறைஞ்சு கெட்டுப்போயிடுவீங்க!"

விலை கூடின மருந்தாயிற்றே என்று வீட்டுக்காரர் பூவராகவன் அன்றைக்கே குப்பியை ஃப்ரீசருக்கு மாற்றினார்.

ஒரு வாரம் கழித்து, பழைய குப்பி தீர்ந்ததும் அதை எடுத்து, உருகவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, பழையபடி கதவில் வைத்தார். சாயங்காலம் சர்க்கரை நானூறு. தலை சுற்றி ஃப்ரிட்ஜையே பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மனுஷன் விழப்போறாரு! நீங்க வேலையே செய்யலியா?" என்று பதறியது முட்டை.

குப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஃப்ரீசரில் இருந்துவிட்டு வந்தவன் நான். என்னையா வேலை செய்யச் சொல்றே?"