ஏழாவது ரத்தம்

ரத்தப் புற்றுநோயை மருத்துவம் மண்டியிட வைத்துவிட்டது என்று லுபே படுத்திருந்த ஆக்லாந்து ஆஸ்பத்திரி டாக்டர் முழங்கினார். சிகிச்சைக்கு நான்கு வழிகள் என்றார். அவற்றில் மூன்று என் தங்கையான அவளிடம் ஏற்கெனவே தோற்றிருந்தன. மிச்சம், உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை.

சமோவாவிலிருந்து அண்ணன்கள் ஆறு பேரும் ரத்தம் அனுப்பினோம். ஏழு முடிவுகள் வந்தன. ஏழாவது மட்டுமே பொருந்தியது: செமிசி, வயது மூன்று நாள்.

"ஆறு தடியனுங்க இருந்தும் அவன்தான் ஒதவுறான் பாரு," என்றாள் அம்மா.

"யாரும்மா அவன்?"

"உங்க எல்லாருக்கும் மூத்தவன்டா. மூணு நாள்தான் இருந்தான்."

நேரில் வரச்சொல்லி ஆஸ்பத்திரி செமிசிக்கு இரண்டு கடிதம் போட்டது. வராததால் பட்டியலிலிருந்து நீக்கியது. லுபேயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கும் புதைக்க இடம் பார்க்க வேண்டியிருந்தது. செமிசியை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். அம்மா வாசலில் இருந்த சிமெண்ட் மேடையைக் காட்டினாள்.

அந்த மேடையில்தான் நாங்கள் துணி காயப்போடுகிறோம்.