ஆட்சேபணை இல்லை!

முன்வரிசையில் குரோசே விரல்களை நெட்டி முறிப்பதைப் பார்த்ததும்தான் இசோமுராவுக்கு மூச்சு வந்தது. ஒசாகாவில் ஒரு சிமென்ட் கம்பெனியின் நிர்வாக அதிகாரி அவர். பங்குதாரர் கூட்டத்தில் யாரும் ஏடாகூடமாகக் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்காகவே அடியாள் குரோசேக்கும் அவன் கூட்டத்துக்கும் கம்பெனி வருஷாவருஷம் படியளக்கிறது.

தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். "ஆட்சேபணை இல்லை!" என்று குரோசே கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் எல்லாம் நிறைவேறிவிடும்.

அன்று ஹதனாகா என்ற கிழவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, பக்கத்து நாற்காலியில் பத்திரமாக வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்க பணத்தை எந்த மந்திரிக்குக் குடுத்தீங்க? நான் பங்குதாரன் கேக்கறேன், பேரைச் சொல்லுங்க!"

இசோமுரா பதறிப்போய்த் தலைவரைப் பார்த்தார். துறைமுகப் பாலத்து ஒப்பந்தமே அந்த மந்திரி தயவில்தான் கிடைத்தது. பேர் வெளியே வந்தால் முதலில் ஜெயிலுக்குப் போவது பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த இவர்தான்.

"ஏன்யா நடுங்கறே?" என்று காதோரம் சிரித்தார் இயக்குநர் தெராவாகி. "இங்க கேக்கற கேள்வியை எந்தப் பத்திரிகைக்காரன் எழுதியிருக்கான்? அவனுங்க வர்றதே நம்ம மதியச் சாப்பாட்டுக்கு."

"உக்காருடா கிழவா!" குரோசே உறுமினான்.

"எந்த மந்திரி?"

குரோசே நாற்காலிகளைத் தாண்டிப் பாய்ந்தான். கிழவரின் டையைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஓங்கிக் குத்தினான். ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. விழுந்தவரை விலாவில் உதைத்தான்.

"இப்பக் கேளுடா! கேளு!"

"எந்த... மந்திரி?"

இந்தத் தடவை வாயிலேயே குத்து விழுந்தது. பெண்கள் அலறினார்கள். சாப்பாட்டுக்கு வந்த பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"கத்தத்தானேடா சொன்னோம், படுபாவி! அடிக்கச் சொன்னது யாரு?" இசோமுரா குறுக்கே விழுந்து தடுப்பதற்குள் குரோசே கும்பலில் புகுந்து மறைந்துவிட்டான்.

மாலைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ரத்தம் வழியும் அந்த முகம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் கிழவரின் கேள்வி. பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி அதே கேள்வியைக் கேட்டுக் கூச்சல் போட்டது.

"போய் அந்த ஆளோட காலைப் பிடி," என்று தெராவாகி போனில் கத்தினார். "வாயை மூடிக்கிட்டா என்ன வேணாலும் தர்றோம்னு சொல்லு!"

மறுநாள் காலை, முலாம்பழப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் இசோமுரா. பாதி திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார். போலீஸ் ஊரெல்லாம் தேடும் குரோசே, கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

கிழவரைத் தீர்த்துக்கட்டவே வந்துவிட்டான் பாவி! கத்துவதற்கு வாயெடுத்த இசோமுரா, கட்டுகளுக்கு நடுவிலிருந்து வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மூக்கை உடைக்கத்தானேடா காசு குடுத்தேன்? பல்லை ஏன்டா பேத்தே?"