படத்துக் கிணறு

மாசிலாமணியின் கிணறு ஏரிக்குள் இருப்பதாகச் செயற்கைக்கோளின் ரேடார் படம் சொல்லிவிட்டது. ஆக்கிரமிப்பு என்று அதைத் தூர்க்க ஆளில்லாத பொக்லைனும் வந்து நின்றது.

“கரைக்கு இந்தாண்ட, என் கொல்லையில கெடக்கு கெணறு. கண்ணு தெரியலியாம்மா?”

“கண்ணால பாத்தது செல்லாது, பெரியவரே. படம் ஒரு முழம்கூடப் பிசகாது,” என்றாள் சர்வேயர் ஷகிலா.

வானத்தில் இருப்பவன் எவன் மேலும் கிழவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர் வழிமறிக்கவில்லை.

“அப்ப, படம் சொல்ற எடத்துக்கே போவச் சொல்லு. நான் கை காட்ட மாட்டேன்.”

ஷகிலா பொத்தானை அழுத்தினாள். பொக்லைன் கிணற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்துபோய்க் கரையேறியது. படத்தில் கிணறு இருந்த இடத்தைத் தேடி மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. அவள் பதறி நிறுத்துவதற்குள், கழுத்துவரை சேற்றில் புதைந்து முக்கி முனகியது.

“தூக்கச் சொல்லு அத. அதான் இப்ப ஏரி ஆக்கிரமிப்பு!” என்றார் கிழவர்.

கரையில் கூடியிருந்த ஊரே சிரித்தது. ஷகிலா அலுவலகத்துக்குப் பேசிவிட்டு வந்தாள்.

“படம்தான் தப்பு, பெரியவரே. உத்தரவு ரத்து.”

கிழவர் ஒரு வாளி இறைத்து அவள் முன்னால் வைத்தார்.

“குடி. ஏரித் தண்ணி இல்ல, என் கெணத்துத் தண்ணி.”