செங்கோடன் கை

எட்டு வருஷம் துபாயில் இருந்த அர்த்தனாரி, திரும்பி வருவதை மனைவி வளர்மதிக்குச் சொல்லவில்லை. ஒசூரில் இரண்டு லாரி கம்பெனிகள் அவனைக் கூப்பிட்டிருந்தன. இப்போது லாரி தானே ஓடும். டிரைவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

"எங்க நானூறு வண்டியும் செங்கோடன் கைங்கண்ணா," என்றான் ஒரு மேனேஜர். "அவரு ஓட்டுனத வண்டிக் கம்ப்யூட்டரு அப்படியே படிச்சிருக்குதுங்க. ஒரு கீறல் விழுந்ததில்ல."

"எனக்குக் கீழ ரெண்டாவது டிரைவரா இருந்த பயலுங்க அவன்."

அர்த்தனாரிக்கு வயிறு எரிந்தது. குற்றம் கண்டுபிடிக்கவே அந்தக் கம்பெனியில் சேர்ந்து, கொச்சி லோடில் அன்றே ஏறினான்.

தொப்பூர் இறக்கத்தில் லாரி பூப்போல இறங்கியது. தன்னால்கூட அப்படி முடியாது என்பதில் வயிறு இன்னும் எரிந்தது.

சங்ககிரியில், அவன் வீட்டுக்கு நேரே லாரி மெதுவானது. சொந்த வீட்டைக் கடக்கும் டிரைவர் பெண்டாட்டிக்கு அடிப்பதுபோல் இரண்டு ஹாரன் அடித்தது. செங்கோடன் வீடு எடப்பாடியில் இருக்கிறது.

வளர்மதி ஈரக்கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். லாரிக்குள் புருஷனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

பின்னால் வந்த அதே கம்பெனி லாரியும் அங்கே மெதுவாகி இரண்டு ஹாரன் அடித்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.