ஈரம் காயாத சுவர்

“இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குச் செவுரு ஒண்ணு கெடச்சா போதும், கிறுக்கிட வேண்டியது! இது குதிரையா? நாக்கு கத்தி மாரி நீட்டிக்கினு இருக்குது!”

வேப்பமர நிழலில் குந்தியிருந்த ராஜாங்கம் உரக்கவே சொன்னார். பக்கத்தில் சாக்கு போட்டு மூடிய தகர டின்.

டவுன்ஷிப் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த நீளச் சுவரில் வரைந்துகொண்டிருந்த இசைப்பிரியா, ஏணி மேலிருந்தே சிரித்தாள்.

“அது வலியில கத்துது தாத்தா. ஸ்பெயின்ல ஒரு ஊரு. சந்தை நாள்ல பிளேன்ல வந்து குண்டு போட்டுட்டாங்க. அந்த நாட்டு ஓவியர் ஒருத்தர் அதைக் கறுப்பு வெள்ளையில வரைஞ்சாரு. நான் சினிமா போஸ்டர் கலர்ல வரையறேன்.”

“சாவு வூட்டுக்கு ரோஸ் கலரா?”

“அப்பதானே பஸ்ஸுக்கு நிக்கிறவங்க திரும்பிப் பார்ப்பாங்க!”

“அந்தப் பொம்பள கையில புள்ள தூங்குதா?”

“செத்துப்போச்சு தாத்தா.”

ராஜாங்கம் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

“தலையத் தொங்க வுட்டிருக்கியே? செத்த புள்ளயா இருந்தாலும் பெத்தவ தலைக்குக் கை குடுப்பா. இதுகூடத் தெரியாம என்னா படம்!”

இசைப்பிரியா படத்தையே பார்த்தாள். பிறகு தூரிகையை எடுத்து, குழந்தையின் தலைக்கடியில் ஒரு கையை வரைந்தாள். முடித்துவிட்டு மணி பார்த்தவளுக்கு முகம் வாடியது.

“சுதந்திர தினத்துக்காக இன்னைக்கு இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கணுமாம். நாலு மணிக்கு சென்னையிலேர்ந்து ஓவியப் போட்டி நடுவர் வராங்க. அவங்க தேர்வு பண்ணிட்டா படத்தை அழிக்க மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள வெள்ளையடிக்கிற ஆளு வந்துட்டா எல்லாம் போச்சு.”

“கான்ட்ராக்ட் ஆளுங்க என்னைக்கு நேரத்துக்கு வேலை பாத்தானுங்க? நீ வேலையப் பாரு.”

“டின்ல என்ன தாத்தா, கூழா?”

“ஆமா. உனக்கு ஒத்துக்காது.”

அவருடைய செல்போன் அலறியது. “இன்னும் ஈரம் காயலப்பா. அவசரப்பட்டா கெட்டுப்பூடும். சாயங்காலம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அணைத்தார். வீட்டில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருப்பார் போல என்று இசைப்பிரியா நினைத்துக்கொண்டாள். நாலு மணிக்குள் அந்தப் போன் இன்னும் மூன்று முறை அலறியது. மூன்று முறையும் அதே ஈரம்தான்.

நடுவர் சந்திரகலா வந்தார். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்ல நடந்தவர், குழந்தையின் தலையருகே நின்றுவிட்டார்.

“மூலப் படத்துல இந்தக் கை கிடையாதே! இது உன் படம்மா. இந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது.”

அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் கைதட்டியது. ஷிப்டுக்குக் கிளம்பிய ஒருவர் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு விசிலடித்தார்.

இசைப்பிரியா மரத்தடிக்கு ஓடிவந்தாள். “ஜெயிச்சுட்டோம் தாத்தா! நல்லவேளை, வெள்ளையடிக்கிற ஆளு வரவே இல்ல!”

“என்னத்த ஜெயிச்சியோ! குதிர இன்னும் குதிர மாரி இல்ல.”

ராஜாங்கம் முனகிக்கொண்டே டின்னைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நிறைந்திருந்த டின் தளும்பித் தளும்பி, அவர் போன வழியெல்லாம் சுண்ணாம்பு சொட்டிக்கொண்டே போனது.