நாலாவது சூடம்

மூன்றாவது சூடமும் எரிந்து கரைந்துபோனது. நாகன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மாரியம்மன் சன்னதிப் படியில் பூசாரி காத்திருந்தார். கோயிலைச் சுற்றிய கல்கட்டுச் சுவருக்குள் ஊரே கூடியிருந்தது. நாகன் மட்டும் வெளியே, புளியமரத்தடியில், அவன் எப்போதும் நின்று கும்பிடும் இடத்தில் கைகட்டி நின்றான்.

"கால்ல ஆணி அடிச்சிருக்குதாடா?" என்றான் முனிராஜ், மணியக்காரரின் மச்சான். "எடுக்காதவன் எதுக்கு இப்படி நடுங்கறான்?"

கூட்டம் சிரித்தது.

காணாமல் போனது மணியக்காரர் தீர்த்தகிரியின் கலப்பையில் மாட்டும் இரும்புக் கொழு. ஜப்பான்காரன் சண்டை நடக்கிற காலம். இரும்பு எங்கே கிடைக்கிறது? மணியக்காரர் யார் வீட்டிலும் தேடவில்லை. நேராக நாகன் பெயரைச் சொன்னார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் கடத்தூருக்கு வந்த தாசில்தாரிடம், "ஏரிப் புறம்போக்கை மணியக்காரரு வேலி போட்டு வளைச்சுக்கிட்டாருங்க" என்று வாய்திறந்தவன் நாகன் ஒருவன்தான். மறுநாளே தாசில்தாரின் ஆட்கள் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

"எரியற சூடத்தை உள்ளங்கையால அணைச்சு, நான் எடுக்கலேன்னு சொல்லு. அவ்வளவுதானே?" மணியக்காரர் கோபமே இல்லாமல் பேசினார். "மாட்டேன்னா நீதான் கள்ளன். பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட ஊரை வுட்டுப் போயிரணும்."

"பண்றேனுங்க சாமி. சூடத்தை இங்க கொண்டாந்து கொளுத்தச் சொல்லுங்க."

"அம்மன் இங்க இருக்கறா. சாட்சி சொல்ல அங்க எந்திரிச்சு வருவாளா?"

மறுபடி சிரிப்பு. நாகனின் மனைவி கருப்பி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாய்யா! கள்ளன்னே சொல்லிக்கிட்டுப் போவட்டும். பொழைக்க வேற ஊரா இல்ல? வந்துருய்யா!"

"பார்றா, பொண்டாட்டியே ஒத்துக்கிட்டா!" முனிராஜ் கைதட்டினான்.

நாகன் அவளைப் பார்த்தான். "நம்ம மவ சின்னக்காவுக்கு மொரப்பூர்ல பரிசம் போட்டிருக்குது புள்ள. கள்ளன் மவளை எவன் கட்டுவான்?"

கருப்பி பிடியை விடவில்லை.

பூசாரி நாலாவது சூடத்தைப் படியில் வைத்துக் கொளுத்தினார்.

"இதான் கடைசி," என்றார் மணியக்காரர். "அணைக்கறியா, மூட்டையைக் கட்டறியா?"

நாகன் கையை உதறிக்கொண்டு நடந்தான். கல்கட்டைத் தாண்டினான். கூட்டம் அவன் மேல் படாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. சன்னதிக்கு முன்னால் அம்மனின் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் எல்லாம் மறந்து நின்றுவிட்டான்.

பிறகு குனிந்தான்.

"தாயே, நான் எடுக்கல!"

உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்து அழுத்தினான். தோல் கருகும் வாடை வந்தது. சூடம் அணைந்தது.

பூசாரி மணியக்காரரைப் பார்த்தார்.

"ஊரே கேட்டுக்கோங்க!" மணியக்காரர் குரலை உயர்த்தினார். "நாகன் திருடல. அம்மன் சாட்சி. கொழு போனாப் போவுது, வுடுங்க."

நாகனுக்குக் கண்ணீர் முட்டியது. வெந்த கையை மற்றக் கையோடு சேர்த்துக் கும்பிட்டான். "உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இது போதுமுங்க சாமி."

வெளியே போகத் திரும்பினான். வாசலை மறித்து ஆட்கள் நின்றார்கள். முனிராஜின் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. கல்கட்டுக்கு அப்பால் கருப்பி தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னும் என்னங்க சாமி? அதான் சத்தியம் பண்ணிட்டனுங்களே?"

அதுவரை சிரிக்காத மணியக்காரர் இப்போது சிரித்தார்.

"அது சரிடா. கோயிலுக்குள்ள உன்னை யாரு வுட்டது?"