ஒரு வாய் சாம்பார்

எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற கிரேக்க ஐயவாதிகளைப் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் என் கணவரிடம் மணிக்கட்டைக் காட்டினேன். அடுக்களையில் அவருடைய தம்பி பிடித்து இழுத்ததில் அவனுடைய நான்கு விரல்களின் தடமும் அதில் கன்றிப் பதிந்திருந்தது.

"அவன் தொடவே இல்லைங்கிறான். நீ தொட்டான்னு சொல்ற. ரெண்டுக்கும் ஒரே எடைதான், தமயந்தி. எதையும் முடிவு பண்ணாம விட்டாத்தான் மனசு அமைதியா இருக்கும்."

"யார் மனசு?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே தம்பி ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தான். அந்தக் கையாலேயே சாம்பார் ஊற்றினேன். ஒரு வாய்தான் வைத்தார்.

"உப்பே இல்ல," என்று முகத்தைச் சுளித்தார்.

"இதை முடிவு பண்ண ஒரு வாய் போதும், இல்லையா?"

அவர் உப்பு ஜாடிக்குக் கை நீட்டினார். அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, என் மணிக்கட்டை அவருடைய தட்டுக்கு மேல் நீட்டினேன்.